கோடை வெயிலில் ஐந்து நாள் திசையறி ஓட்டம்



ஓட்டப் பந்தயம் என்றால் நாம் எல்லாரும் அறிவோம். பள்ளித் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். விசில் ஊதியதும் பிள்ளைகள் ஒரே திசையில் ஓடுவார்கள். ஆனால் கோடும் இல்லாமல், திடலும் இல்லாமல், காட்டுக்குள்ளே ஒருவர் தன்னந்தனியாக, கையில் ஒரு வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு வழி கண்டுபிடித்து ஓடுகிற பந்தயம் ஒன்று உலகில் இருக்கிறது. ஓரியண்டியரிங் என்று அதைச் சொல்வார்கள். நாம் இந்தப் பேச்சில் அதைத் திசையறி ஓட்டம் என்று அழைப்போம். அதிலும், கோடை வெயிலில் ஐந்து நாள் தொடர்ந்து நடக்கும் போட்டியில் ஒருவர் தம் உடலையும் அறிவையும் எப்படிக் காத்துக்கொள்கிறார் என்பதே இன்றைய பொருள். வெயிலில் நாள்தோறும் உழைக்கிறவர்களுக்கும் அவர்களுக்காக வீட்டில் காத்திருக்கிறவர்களுக்கும் இதில் பயனுள்ள செய்திகள் பல உண்டு.

முதலில் இந்த விளையாட்டு பிறந்த கதையைப் பார்ப்போம். வட ஐரோப்பாவில் உள்ள நார்வே, சுவீடன் ஆகிய நாடுகளே இதன் தாயகம். படைவீரர்கள் அறியாத நிலத்தில் வழி கண்டு செல்லப் பழகுவதற்காக ஏற்பட்ட பயிற்சி இது. பொதுமக்களும் கலந்துகொண்ட முதல் போட்டி 1897ஆம் ஆண்டு நார்வேயில் நடந்தது. பின்னர், சுவீடனில் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற படை அதிகாரி, இளைஞர்களுக்கு ஓட்டத்தில் ஆர்வம் குறைந்து வருவதைக் கண்டு, காட்டையும் வரைபடத்தையும் ஓட்டத்தோடு சேர்த்தார். 1919ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரை அடுத்து அவர் நடத்திய போட்டி இந்த விளையாட்டுக்கு உறுதியான அடித்தளம் ஆயிற்று. 1961ஆம் ஆண்டு இதற்கென அனைத்துலகச் சம்மேளனம் அமைந்தது. முதல் உலகப் போட்டி 1966ஆம் ஆண்டு பின்லாந்தில் நடைபெற்றது.

போட்டி எப்படி நடக்கிறது? காட்டுக்குள் பல இடங்களில் சிறு கொடிகளைத் தொங்கவிடுகிறார்கள். ஒவ்வொரு கொடியும் மூன்று பக்கம் உடையது. பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் சதுரம். பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு நிறம். ஒரு பாறையின் பின்புறம், ஓர் ஓடை வளைவு, ஒரு சிறு பள்ளம் என்று வரைபடத்தில் காட்டப்பட்ட இடத்திலேயே கொடி இருக்கும். ஓடுகிறவர் 1, 2, 3 என்ற வரிசையில் எல்லாக் கொடிகளையும் தொட்டு வரவேண்டும். முன்பு ஒவ்வொரு கொடியிலும் ஊசிப் பற்கள் உள்ள ஒரு குறடு தொங்கும். அட்டையில் அதனால் துளையிட்டு வருவார்கள். இப்போது விரலில் மாட்டிய சிறு மின்னணுக் கருவியே நேரத்தைப் பதிந்துகொள்கிறது. வரைபடம் புறப்படும் நேரத்தில்தான் கைக்கு வரும். எல்லாரும் ஒன்றாகப் புறப்படுவதும் இல்லை. சில நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவார்கள். ஆகையால் ஒருவர் பின்னால் ஒருவர் ஓடிப் பிழைக்க முடியாது.

இந்த வரைபடம் நாம் வகுப்பறைச் சுவரில் பார்க்கும் வரைபடம் போன்றது அன்று. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 100 அல்லது 150 மீட்டர். மேடு பள்ளங்களைப் பழுப்புக் கோடுகளும், நீரை நீல நிறமும், பாறைகளையும் மனிதர் அமைத்தவற்றையும் கறுப்பு நிறமும் காட்டும். வெட்டவெளி மஞ்சள். எளிதாக ஓடக்கூடிய காடு வெள்ளை. புதர் மண்டிய இடம் பச்சை. பச்சை கூடக் கூட, புகுந்து போவது கடினம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த அறிவு புதிதல்ல. எந்த நிரையில் செடி மண்டிக் கிடக்கிறது, எந்த மேட்டைச் சுற்றிப் போனால் கால் வலிக்காது, எந்த ஓடையைத் தாண்டினால் சீக்கிரம் லயம் சேரலாம் என்று அவர்கள் மனத்திலேயே ஒரு வரைபடம் வைத்திருக்கிறார்கள். அந்த அறிவைத் தாளில் எழுதினால் கிடைப்பதே இந்த வரைபடம்.

ஒரு நாள் போட்டியைப் போல அல்ல, பல நாள் போட்டி. இவற்றுள் பெரும்புகழ் பெற்றது சுவீடனில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நடக்கும் ஓ-ரிங்கன் என்னும் போட்டி. 1965ஆம் ஆண்டு அது தொடங்கியபோது கலந்துகொண்டவர்கள் 156 பேர். இருபது ஆண்டு கழித்து, 1985ஆம் ஆண்டு பாலூன் நகரில் நடந்தபோது 25,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். பத்து வயதுப் பிள்ளைகள் முதல் எண்பது வயது கடந்த முதியவர்கள் வரை, ஆண், பெண் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஐந்து ஓட்டங்கள், பெரும்பாலும் இடையில் ஒரு நாள் ஓய்வு. ஐந்து நாள் நேரத்தையும் கூட்டியே வெற்றி கணிக்கப்படும். ஒரு நாள் மின்னல்போல் ஓடிவிட்டு மறுநாள் படுத்துவிட்டால் பயன் இல்லை. இங்கேதான் வெயில் வந்து குறுக்கே நிற்கிறது.

சுவீடன் குளிர்நாடு ஆயிற்றே, அங்கே என்ன வெயில் என்று நேயர்கள் கேட்கலாம். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் விழாவில் மாரத்தான் ஓட்டம் நடந்த ஜூலை 14ஆம் நாள், நிழலிலேயே வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. ஓடத் தொடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முடிக்கவில்லை. போர்த்துக்கல் நாட்டைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ லாசரோ என்ற தச்சுத் தொழிலாளி வழியில் சுருண்டு விழுந்தார், மறுநாள் இறந்துபோனார். வெயிலுக்குப் பாதுகாப்பு என்று எண்ணி அவர் உடம்பில் மெழுகு பூசியிருந்தார் என்றும், அதனால் வியர்வை வெளியேற வழியில்லாமல் போயிற்று என்றும் சொல்வார்கள். 2018ஆம் ஆண்டு கோடையிலும் சுவீடனில் கடுமையான வெப்பமும் வறட்சியும் ஏற்பட்டு, காடுகள் பல இடங்களில் தீப்பற்றி எரிந்தன. குளிருக்குப் பழகிய உடம்புக்கு இப்படிப்பட்ட வெயில் இரட்டிப்புத் துன்பம். வடக்கே கோடையில் பகலும் நீண்டது. விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் எழுந்து கூடாரத்தைச் சுடத் தொடங்கிவிடும். தூக்கமும் கெடும்.

வெயிலில் உடம்புக்குள் நடப்பது என்ன? நாம் உண்ட உணவு தசைகளில் சக்தியாகிறது. அந்தச் சக்தியில் ஏறத்தாழக் கால் பங்குதான் ஓட்டமாகவோ வேலையாகவோ மாறுகிறது. மீதி முக்கால் பங்கு வெப்பமாகி உடம்புக்குள்ளேயே தங்குகிறது. அதை வெளியேற்றாவிட்டால் உடல் கொதிகலன் ஆகிவிடும். இதற்கு இயற்கை கொடுத்த வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியாகப் போனால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. கவனியுங்கள்: ஆவியாகப் போனால்தான் குளிர்ச்சி. சொட்டி நிலத்தில் விழுந்த வியர்வையால் உடம்பு குளிர்வதில்லை. மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி காயாதது போல, காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வையும் காயாது. அடர்ந்த காட்டுக்குள்ளும், காற்று நுழையாத செம்பனைத் தோப்புக்குள்ளும், வெயில் படாமலேயே மனிதர் தவித்துப்போவது இதனால்தான்.

உடம்பு வெப்பத்துக்குப் பழகும். ஆனால் அதற்கு ஏழு முதல் பதினான்கு நாட்கள் தேவை. பழகிய உடம்பில் வியர்வை சீக்கிரம் தொடங்கும். அதில் உப்பு குறைவாகப் போகும். இரத்தத்தின் நீர்ப் பகுதி பெருகி இதயத்தின் பாரம் குறையும். ஆகவே அறிவுள்ள ஓட்டக்காரர் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பகல் வெயிலில் சிறிது சிறிதாகப் பயிற்சி செய்வார். முதல் நாளிலேயே முழு வேகம் காட்ட மாட்டார். இந்தப் பாடம் தோட்டத்துக்கு மிகமிகப் பொருந்தும். வெயிலில் வேலை செய்வோருக்கு நேரும் வெப்ப மரணங்களில் பெரும் பகுதி வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நிகழ்கிறது. புதிதாக வேலைக்கு வந்தவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, மறுநாள் ஐந்தில் இரண்டு பங்கு என்று படிப்படியாகக் கூட்டுவதே பாதுகாப்பு. இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்து எழுந்தவரும், நீண்ட விடுமுறை கழித்துத் திரும்பியவரும் ஏறக்குறையப் புதியவரே. நேற்று வரை இருபது ஆண்டு வேலை செய்தவர்தானே என்று அவரை அலட்சியமாக விடக்கூடாது.

அடுத்தது தண்ணீர். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒன்றேகால் லிட்டர் அளவுக்கு நீரை இழந்தாலே, அதாவது எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தாலே, கால் தளரும், கவனமும் சிதறும். ஐந்து நாள் போட்டிக்குப் போகிறவர்கள் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது உண்டு. ஒரு கிலோ குறைந்திருந்தால், அடுத்த சில மணி நேரத்தில் சிறிது சிறிதாக ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை குடித்து ஈடு செய்வார்கள். தராசு இல்லாதவர்களுக்குச் சிறுநீரின் நிறமே தராசு. வெளிறிய வைக்கோல் நிறமாக இருந்தால் நல்லது. கடுந்தேநீர் போல் கறுத்திருந்தால் உடம்பு வறண்டிருக்கிறது என்று பொருள். நிறையக் குடித்தும் அந்த நிறம் மாறாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆனால் தண்ணீரிலும் அளவு உண்டு. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தை முடித்தவர்களில் சிலரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவருக்கு இரத்தத்தில் உப்பு இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. வழியெல்லாம் தண்ணீரை அளவுமீறிக் குடித்ததே முக்கிய காரணம். உப்பு மிகவும் குறைந்தால் தலைவலி, வாந்தி, மயக்கம், வலிப்பு வரை போகலாம். ஆகவே வயிறு உப்பும்படி குடிக்கக் கூடாது. தாகம் எடுக்கும்போது, இடைவிடாமல் சிறிது சிறிதாகக் குடிப்பதே முறை. உப்பை மாத்திரையாக விழுங்க வேண்டியதில்லை. ரசமும் சோறும் மோரும் போதும். வயிற்றுப்போக்கோ மிகுந்த வியர்வையோ ஏற்பட்டால், கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். அளவு தவறக் கூடாது. உப்பு கூடினால் கேடு.

உடையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. கடும் வெயிலிலும் திசையறி ஓட்டக்காரர்கள் பலர் கால் முழுவதும் மூடிய மெல்லிய ஆடை அணிந்து ஓடுவதைக் காணலாம். 1957 முதல் 1963 வரை சுவீடனில் இந்த விளையாட்டில் ஈடுபட்டவர்களிடையே ஒருவகை மஞ்சள் காமாலை பரவி, 500க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். காரணத்தை ஆராய்ந்தபோது, முள்ளும் புதரும் கிழித்த கால்களோடு ஓடிவந்தவர்கள் எல்லாரும் ஒரே நீரில் காயங்களைக் கழுவிக்கொண்டது தெரியவந்தது. ஒருவர் இரத்தத்திலிருந்த கிருமி மற்றவர் காயத்தில் புகுந்தது. கால்களை மூடும் உடையைக் கட்டாயமாக்கி, கழுவும் முறையையும் மாற்றிய பிறகு நோய் அடங்கியது. ஒரே வாளித் தண்ணீரில் பலர் புண் கழுவுவது எந்த ஊரிலும் ஆபத்தே. ஆடை மெல்லியதாகவும் தளர்வாகவும் வெளிர் நிறமாகவும் இருந்தால் முள்ளிலிருந்தும் காக்கும், வியர்வையும் காயும்.

இனி, வெயிலில் வழி தேர்வதைப் பார்ப்போம். இரண்டு கொடிகளுக்கு நடுவே நேர்கோடு எப்போதும் குறுகிய வழி அன்று. ஒரு மீட்டர் உயரம் ஏறுவது சமநிலத்தில் எட்டு முதல் பத்து மீட்டர் ஓடுவதற்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். இருபது மீட்டர் மேடு குறுக்கே இருந்தால், இருநூறு மீட்டர் சுற்றிப் போனாலும் நட்டமில்லை. மரம் வெட்டிய வெட்டவெளி மஞ்சளாகத் தெரியும். ஓட வசதி போலத் தோன்றும். ஆனால் நடுப்பகலில் அங்கே நிழல் கிடையாது. அனுபவசாலி வெள்ளைக் காட்டின் நிழலையோ ஓடைக் கரையையோ தேர்ந்து, தொப்பியை நீரில் நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு போவார்.

வெயில் முதலில் காலைத் தாக்குவதில்லை; கணக்கைத் தாக்குகிறது. மூளை சூடேறியவருக்குத் தெற்கு வடக்காகத் தெரியும். மூன்றாம் கொடிக்குப் பதில் நான்காம் கொடியை நோக்கி ஓடுவார். ஐந்து நிமிடம் ஓடிச் சேமித்ததைப் பதினைந்து நிமிடம் தேடித் தொலைப்பார். ஆகவே சில பழக்கங்களைக் கைக்கொள்வார்கள். இருக்கும் இடத்தின் மேல் கட்டைவிரலை வைத்தே வரைபடத்தைப் பிடிப்பது ஒன்று. பாதை, ஓடை, வேலி போன்ற நீண்ட அடையாளங்களைப் பற்றிக்கொண்டு போவது மற்றொன்று. கொடிக்கு அருகில் எளிதாகத் தெரியக்கூடிய ஓர் இடத்தை முதலில் அடைந்து, அங்கே வேகத்தைக் குறைத்து, திசைகாட்டியைப் பார்த்து, காலடியை எண்ணிக்கொண்டு கொடியை நெருங்குவது மூன்றாவது. வழி தவறியது தெரிந்தால் உடனே நிற்பார்கள். தெரிந்த இடத்துக்குத் திரும்புவார்கள். தெரியாத இடத்தில் வேகமாக ஓடுவது தொலைவை மட்டுமே கூட்டும்.

மாலைப் பொழுதும் போட்டியின் ஒரு பகுதியே. ஓட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் சோறு, ரொட்டி, பழம் போன்ற மாவுச்சத்துள்ள உணவை உண்டால் தசைகளில் தீர்ந்த சக்தி மீண்டும் நிரம்பத் தொடங்கும். முழுதும் நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். பின் நிழலில் படுத்து உடம்பைக் குளிரவிட வேண்டும். களைப்புத் தீர என்று மது அருந்தினால் உடம்பு மேலும் வறளும், தூக்கமும் கெடும். நேற்றைய வெப்பம் நேற்றோடு போய்விடுவதில்லை. முதல் நாள் வெயிலில் வாடியவருக்கு மறுநாள் குறைந்த வெயிலிலேயே ஆபத்து வரலாம். ஐந்து நாளையும் ஒரே மூட்டையாக எண்ணிச் சுமையைப் பங்கிட்டுக்கொள்கிறவரே கடைசி நாளில் நிமிர்ந்து ஓடுகிறார்.

ஆபத்தின் அறிகுறிகளை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த சோர்வு இவை எச்சரிக்கைகள். அப்போதே வேலையை நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, தண்ணீர் கொடுத்து, ஈரத்துணியால் துடைத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார். ஆனால் ஒருவர் உளறினாலும், தள்ளாடினாலும், காரணமின்றிக் கோபித்தாலும், கேட்டதற்கு மாறாகப் பதில் சொன்னாலும், அது வெப்பத் தாக்கு. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் ஏறியிருக்கலாம். வியர்வை கொட்டிக்கொண்டிருந்தாலும் இது நேரும். இது உயிர் போகும் நிலை. உடனே மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா காத்திருக்காதீர்கள். மேலாடையைக் களைந்து, தலை முதல் கால் வரை குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். தொட்டி இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை நீரில் அமர்த்துங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுசெல்வது என்பதே முறை.

தாய்மார்களே, தந்தையரே, இந்த விளையாட்டின் விதிகளில் இரண்டை நாம் மனத்தில் பதிக்க வேண்டும். ஒன்று, காட்டில் காயமுற்றோ மயங்கியோ கிடக்கும் ஒருவரைக் கண்டால், வெற்றிபெறும் நிலையில் இருப்பவரும் ஓட்டத்தை நிறுத்தி உதவவேண்டும். அது கருணை அன்று, கடமை. இரண்டாவது, ஓட்டத்தை முடித்தாலும் சரி, பாதியில் கைவிட்டாலும் சரி, முடிவிடத்துக்கு வந்து தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வராத ஒருவரைத் தேடி மற்றவர்கள் காட்டுக்குள் இறங்குவார்கள் அல்லவா? அதே 1912ஆம் ஆண்டு மாரத்தானில் ஜப்பானியரான ஷிசோ கனகுரி வெயில் தாங்காமல் ஓட்டத்தை விட்டார். வழியில் ஒரு குடும்பத்தார் அவரைப் பேணினார்கள். அவரோ அதிகாரிகளிடம் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். சுவீடன் நாட்டார் அவரை நெடுநாள் காணாமற் போனவராகவே பேசிவந்தார்கள். 1967ஆம் ஆண்டு அவரை அழைத்து ஓட்டத்தை முடிக்கச் செய்தபோது, அவருடைய நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள் என்று தொடங்கிற்று. கேட்கச் சிரிப்பு வருகிறது. ஆனால் வேலைக்குப் போன ஒருவர் வெயிலில் நிரையின் கோடியில் விழுந்து கிடக்க, அவர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று மற்றவர்கள் எண்ணிக்கொண்டு கலைந்து போனால் அது சிரிப்புக்கு உரியதல்ல.

ஆகவே, காலையில் பெரட்டில் எத்தனை பேர் நின்றார்களோ அத்தனை பேரும் வேலை முடிந்து திரும்பினார்களா என்று எண்ணிப் பார்ப்போம். தனியாகப் போகிறவரை இடையில் ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்போம். தலை சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால், சோம்பேறி என்று சொல்லாமல் நிழலுக்கு அழைத்துச் செல்வோம். ஐந்து நாள் ஓட்டத்தில் ஒரு நாளை விட்டுவிட்டு நலமாகத் திரும்பியவர் அடுத்த ஆண்டும் ஓடலாம். உழைப்பவருக்கும் அப்படியே, ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். போன உயிரைச் சம்பாதிக்க முடியாது.